ரிக்கோ ஜிஆர் 3: ஒன்றரை மீட்டரில் பூட்டி வைத்து ஒன்றரை வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிக்கோ ஜிஆர் 3 வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் ஃபோகஸை முன்கூட்டியே ஒரு தூரத்தில் நிறுத்தி வைக்கும் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தப் போகிறீர்களா? ஆமாம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இல்லை, முகத்தின் மேல் கட்டம் வந்து உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அழுத்துவேன் என்றால், அதே பணத்துக்கு வியூஃபைண்டரும் நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியும் உள்ள வேறு நல்ல கேமராக்கள் கிடைக்கும். ஒன்றரை வருடமாக இதைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர், பாரிமுனை, காசிமேடு என்று சுற்றுகிறேன். எடுத்ததில் பத்தில் ஒன்பது படம் ஆட்டோஃபோகஸைத் தொடாமல் எடுத்தது. அதனால் இந்த விமர்சனத்தில் கேமராவைப் பற்றிச் சொல்வதை விட அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இந்தக் கேமராவை வைத்துக்கொள்வதற்கு எனக்கு இருக்கும் காரணமே அதுதான்.

இப்படித் தூரத்தை முன்பே முடிவு செய்துகொண்டு எடுப்பதற்குப் பொதுப் பெயர் சோன் ஃபோகஸ், அது புதிய சமாசாரம் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஒலிம்பஸ் ட்ரிப் 35 கிடந்தது. 1967ல் வந்த மாடல். அதன் லென்ஸைச் சுற்றி நான்கு படங்கள் வரைந்திருக்கும்: ஒரு தலை, இரண்டு பேர், ஒரு கூட்டம், ஒரு மலை. தலை என்றால் 1 மீட்டர், இரண்டு பேர் என்றால் ஒன்றரை, கூட்டம் என்றால் 3, மலை என்றால் அதற்கு அப்பால் எல்லாம். எடுக்கப் போகிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்து, அந்தப் படத்துக்கு நேராக வளையத்தைத் திருப்பிவிட்டு அழுத்த வேண்டியதுதான். சோன் ஃபோகஸ் என்பது மொத்தமும் இவ்வளவே. ஃபோகஸை ஒரு தூரத்தில் நிறுத்திவிடுகிறோம், அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் ஓர் இடத்தைத் தெளிவாக வைத்துக்கொள்கிறோம், அப்புறம் அந்த இடத்துக்குள் யார் நுழைந்தாலும் படம் சுத்தமாக விழும். கேமரா எதையும் தேடாது, தேடாததால் தாமதமும் இல்லை.

ரிக்கோவின் ஜிஆர் வரிசை 1996ல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கியது, 2005ல் டிஜிட்டலுக்கு வந்தது, ஜிஆர் 3 வந்தது 2019ல். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (பழைய ஃபிலிம் சட்டத்தை விடச் சின்னது), 18.3 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ் (பழைய ஃபிலிம் கணக்கில் 28 மில்லிமீட்டர்), பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது. ஆன் செய்து ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். இவ்வளவு பெரிய சென்சாரை இவ்வளவு சின்ன உடம்புக்குள் வைத்தது பெரிய விஷயம்தான், ஆனால் அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

ஸ்னாப் முறைக்குப் போனால் 1, 1.5, 2, 2.5, 5 மீட்டர், இன்ஃபினிட்டி என்று தயாராக வைத்த தூரங்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் லென்ஸ் அங்கே போய் நின்றுகொள்ளும். மேல் அம்புப் பட்டனைப் பிடித்தபடி முன் சக்கரத்தைத் திருப்பினால் நடந்துகொண்டே தூரத்தை மாற்றிவிடலாம், மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. இது ரொம்ப முக்கியம். தெருவில் நிற்கும்போது மெனுவைத் திறக்க வேண்டி வந்தால் அந்தப் படம் போனது போனதுதான்.

சரி, எந்தத் தூரம், எந்த அபர்ச்சர்? சோன் ஃபோகஸைக் கையில் எடுக்கும் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், நானும் மூன்று மாதம் தடுமாறினேன். எங்கே கேட்டாலும் கிடைக்கும் பதில் எஃப் 8 (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்), இரண்டு அல்லது இரண்டரை மீட்டர். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த லென்ஸுக்கு எஃப் 8ல் ஹைப்பர்ஃபோகல் தூரம் சுமார் 2.1 மீட்டர், அதாவது அங்கே ஃபோகஸை வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு என்று கணக்கு சொல்லும். 2 மீட்டரில் வைத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். எதைப் பற்றியும் கவலையில்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூன்று மாதமும் அப்படியே எடுத்தேன். படங்களைப் பெரிய திரையில் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. பின்னால் இருக்கும் கடைப் பலகை நன்றாக இருக்கிறது, முன்னால் நிற்கும் மனிதரின் முகம் ஒரு மாற்று குறைந்து தெரிகிறது.

ஏன் என்று உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்று சொல்லும் இந்த டெப்த் ஆஃப் ஃபீல்டு கணக்கெல்லாம் படத்தை ஒரு சாதாரண அளவில் பிரின்ட் போட்டுக் கையில் பிடித்துப் பார்ப்பதை மனதில் வைத்துப் போட்டது. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு வழக்கமாக 0.02 மில்லிமீட்டர் வரை மங்கினால் தெளிவு என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த சென்சாரில் அந்த அகலத்துக்குள் ஐந்து பிக்சல் அடங்கிவிடும். நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற கண்ணுக்கு ஐந்து பிக்சல் மங்கல் நன்றாகவே தெரியும். அட்டவணையில் ஒரு மீட்டர் முதல் அடிவானம் வரை என்று போட்டிருந்தாலும், உண்மையில் கூர்மையாக இருப்பது ஃபோகஸ் வைத்த இடமும் அதற்குப் பக்கமும்தான், ஓரங்களுக்குப் போகப் போக அது சலுகையில் கிடைக்கும் தெளிவு.

இரண்டாவது, நம் ஊரில் மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அகலமான நடைபாதை உள்ள ஊரில் இரண்டரை மீட்டர் சரியாக இருக்கலாம். வடக்கு மாட வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டரை மீட்டர் தள்ளி நின்று ஒருவரை எடுக்க முயற்சி செய்து பாருங்கள், உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பேரும் ஒரு ஸ்கூட்டியும் வந்துவிடும். நான் எடுக்கும் முகங்கள் எல்லாம் ஒன்று முதல் இரண்டு மீட்டருக்குள் இருந்தன, நான் ஃபோகஸ் வைத்ததோ அதற்குப் பின்னால். அதன் பிறகு 1.5 மீட்டர், எஃப் 8 என்று மாற்றினேன். தெளிவான இடம் 0.9 முதல் சுமார் 5 மீட்டர் வரை. பின்னால் இருக்கும் கோபுரம் கொஞ்சம் மெத்தென்று விழும், விழட்டுமே. மனிதரின் கண் இமை எண்ணும்படி இருக்கிறது. கோபுரம் எங்கேயும் போகாது, வேண்டுமானால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் சுருக்கி எஃப் 16ல் வைத்தால் எல்லாமே தெளிவாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. துளை அவ்வளவு சின்னதாகும்போது ஒளியே விரிந்து மொத்தப் படத்தையும் லேசாக மழுக்கிவிடும், டிஃப்ராக்ஷன் என்பார்கள். எஃப் 8க்கு மேல் அவசியம் இருந்தால் எஃப் 11, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது தூரம். கேமரா தன் வேலையை முடித்து 1.5 மீட்டரில் போய் நின்றுவிட்டது. 1.5 மீட்டர் எங்கே இருக்கிறது என்பது உங்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும். இதற்கு டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் அளந்து பழகச் சொல்வார்கள், நானும் ஒரு வாரம் செய்தேன், தெருவுக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எனக்கு உதவியது தெருவிலேயே கிடக்கும் அளவுகோல்கள்தான். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கின் மொத்த நீளம் சுமார் 2 மீட்டர். அது இல்லாத தெரு தமிழ்நாட்டில் கிடையாது. அதன் பின் சக்கரத்துக்கு அருகில் நின்றுகொண்டு முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பாருங்கள், அதுதான் 2 மீட்டர். நாலு முழ வேட்டியை விரித்தால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண வீட்டு வாசல் கதவு ஏழடி, அதைத் தரையில் சாய்த்துப் போட்டதாக நினைத்தால் 2.1 மீட்டர், அதாவது எஃப் 8ன் ஹைப்பர்ஃபோகல் தூரமே அதுதான்.

முழம் என்றதும் நினைவு வருகிறது. மாட வீதியில் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை இழுத்து முழம் போடுவார், பார்க்கவே மாட்டார், பேசிக்கொண்டே, சில்லறை கொடுத்துக்கொண்டே. ஒரு நாள் வாங்கிய இரண்டு முழத்தை வீட்டில் டேப் வைத்து அளந்து பார்த்தேன், ஒரு முழத்துக்கும் அடுத்ததுக்கும் விரல் அகலம் கூட வித்தியாசம் இல்லை. தூரம் பழகுவது என்றால் அந்தக் கை மாதிரி ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. ஒரு முழம் என்பது ஒன்றரை அடி, சுமார் 45 சென்டிமீட்டர். மூன்று முழமும் கொசுறும் சேர்ந்தால் என் ஒன்றரை மீட்டர். இப்போதெல்லாம் மீட்டராக நினைப்பதில்லை, முழமாகத்தான் நினைக்கிறேன், தப்பு குறைந்துவிட்டது.

இன்னொரு வழி திரையிலேயே இருக்கிறது, அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிது. லென்ஸ் மாறாது என்பதால் ஒவ்வொரு தூரத்திலும் சட்டகத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதும் மாறாது. கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 2 மீட்டரில் சட்டகத்தின் உயரம் 1.7 மீட்டர், அதாவது ஒரு ஆள் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை இறுக்கமாக அடங்குவார். 1.5 மீட்டரில் 1.3 மீட்டர் உயரம், தலையிலிருந்து முழங்கால் வரை. ஒரு மீட்டரில் 86 சென்டிமீட்டர், தலையிலிருந்து இடுப்பு வரை. பெரியவர்களுக்கான கணக்கு இது, குழந்தைகளுக்கு ஒத்துவராது. ஆனால் ஒரு தடவை மனதில் ஏறிவிட்டால் முழங்கால் சட்டகத்தின் அடிக்கோட்டைத் தொடும் நொடியில் விரல் தானாக அழுத்தும். திரையில் ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய வேலையே இல்லை, எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

இதில் ஒரு கவனம் வேண்டும். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி 35, 50 மில்லிமீட்டர் மாதிரி காட்டும் கிராப் வசதி இந்தக் கேமராவில் உண்டு. அதைப் போட்டால் மேலே சொன்ன அளவுகள் எல்லாம் மாறிவிடும், கிராப் செய்து பெரிதாக்கும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகும் என்பதால் தெளிவான இடமும் குறுகிவிடும். சோன் ஃபோகஸுக்கு நான் கிராப்பைத் தொடுவதில்லை.

படம் மங்கலாக வந்தால் உடனே ஃபோகஸ் மேல் பழி போடுகிறோம். என் படங்களில் பாதி மங்கலுக்குக் காரணம் ஃபோகஸே இல்லை, ஷட்டர் வேகம். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார் என்று வையுங்கள். 2 மீட்டர் தூரத்தில் குறுக்கே அவர் போகும்போது 1/250 நொடி வேகத்தில் எடுத்தால் இந்த சென்சாரில் 13 பிக்சல் அளவுக்கு இழுபடுவார். 1/500ல் அது பாதி, 1/1000ல் மூன்று பிக்சல். கிட்டே வந்தால் இன்னும் மோசம். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், அவர் நடப்பதை அல்ல. அதனால் பகலில் 1/500க்குக் கீழே நான் இறங்குவதில்லை. அபர்ச்சர் முறையில் வைத்து, சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 என்று போட்டுவிட்டால் மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நல்ல வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 400 என்றாலே 1/1600 கிடைத்துவிடும், சென்னை வெயிலுக்கு இந்த முறை அவ்வளவு பொருத்தம். நிழலுக்குள் போனால் ஐஎஸ்ஓ 1600 வரை ஏறும், ஏறட்டும், அந்த நுண்துகள் கறுப்பு வெள்ளையில் எனக்குப் பிடிக்கவும் செய்கிறது.

இரவில் கதை வேறு. கடைத்தெரு விளக்கு வெளிச்சத்தில் எஃப் 8ல் பிடிவாதம் பிடித்தால் ஐஎஸ்ஓ பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் இருட்டியதும் எஃப் 4, 2 மீட்டர், 1/125 என்று மாற்றிக்கொள்கிறேன், ஐஎஸ்ஓ 1600 பக்கம் நிற்கிறது. தெளிவான இடம் 1.35 முதல் 3.8 மீட்டர் வரைக்கும்தான், பகலைப் போல அலட்சியமாக இருக்க முடியாது. எஃப் 2.8க்கே திறந்துவிட்டால் 2 மீட்டரில் ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை மட்டும், தூரம் அரை முழம் தப்பினாலும் முகத்தில் தெரியும். இரவில் நடப்பவர்களை விட்டுவிட்டு நிற்பவர்களை, உட்கார்ந்திருப்பவர்களை, டீக்கடை வாசலில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்களை எடுக்கிறேன். இந்த இரண்டு அமைப்பையும் மேல் டயலில் இருக்கும் யூ1, யூ2 இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன். யூ3ல் 1 மீட்டர், எஃப் 8. அது கூட்டத்துக்கு.

கூட்டம் என்றால் பங்குனியில் கபாலீஸ்வரர் கோவில் அறுபத்துமூவர் உற்சவம். எட்டாம் நாள் மதியம் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. பெரிய கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைக்கவே முடியாது, முழங்கை யாராவது ஒருவர் மேல் இடிக்கும். நான் இதை நெஞ்சுக்கு நேராக ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திரையைக் கூடப் பார்க்காமல், யூ3ல் வைத்து நாலு மணி நேரம் எடுத்தேன். 0.7 முதல் 1.9 மீட்டர் வரை தெளிவு, அந்தக் கூட்டத்தில் அதற்கு அப்பால் ஆள் தெரியவே மாட்டார். பந்தலில் நீர்மோர் ஊற்றிக் கொடுக்கும் கை, தோளில் உட்கார்ந்து பல்லக்கை எட்டிப் பார்க்கும் குழந்தை, பக்கத்தில் நின்று கண் மூடிக் கும்பிடும் பாட்டி, எல்லாம் ஒரே மூச்சில் வந்து போகும். ஆட்டோஃபோகஸாக இருந்தால் நடுவில் வந்து போகும் ஒவ்வொரு கையையும் தலையையும் பிடித்துக்கொண்டிருக்கும், அது எவ்வளவு நல்ல ஆட்டோஃபோகஸாக இருந்தாலும் சரி, யாரை நான் எடுக்க நினைக்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு எடுத்ததில் பதினொரு படம் சுவரில் மாட்டும் தரத்தில் வந்தது. ஒரு நாளில் எனக்கு அவ்வளவு கிடைத்ததே இல்லை.

ஃபுல் பிரஸ் ஸ்னாப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமரா ஆட்டோஃபோகஸில் இருக்கும்போதும், பட்டனைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டால், ஃபோகஸ் தேடாமல் நீங்கள் குறித்து வைத்த ஸ்னாப் தூரத்தில் படம் எடுத்துவிடும். பாதி அழுத்தினால் ஆட்டோஃபோகஸ், முழுதாக அழுத்தினால் சோன். இரண்டு கேமரா ஒரே பட்டனில் இருக்கிற மாதிரி. யோசனை அருமை, பழகியவர்கள் சத்தியம் செய்து பேசுகிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பதற்றத்தில் என் விரல் பாதியில் ஒரு கணம் நின்றுவிடும், நான் சோன் என்று நினைத்துக்கொண்டிருக்க அது ஆட்டோஃபோகஸுக்குப் போய்விடும். எந்த முறையில் இருக்கிறேன் என்ற சந்தேகம் இருக்கக் கூடாது என்பதால் நேரடியாக ஸ்னாப் முறையிலேயே வைத்துவிடுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: முதல் இரண்டு மாதம் ஸ்னாப், ஒரே தூரம், ஒரே அபர்ச்சர். மாற்றவே மாற்றாதீர்கள்.

காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்குப் போனபோது இன்னொன்றைக் கவனித்தேன். ஒன்றரை மீட்டர் என்பது பேசும் தூரம். அந்தத் தூரத்தில் நின்று ஒளிந்து படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்ததும், “என்னாப்பா, மீனைப் புடிக்கிறியா, என்னைப் புடிக்கிறியா?” என்று கேட்டார். “உங்களத்தான்கா” என்றேன். “அப்ப இரு” என்று முந்தானையைச் சரி செய்துகொண்டு, அப்படியே விலை பேச ஆரம்பித்துவிட்டார். கேமரா சத்தமே போடாது, ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் வகை, ஒரு சின்ன டிக் அவ்வளவுதான். நான் எடுத்தேனா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை, இரண்டு நிமிடம் கழித்து, “எடுத்துட்டியா?” என்றார். ஆறு படம் எடுத்திருந்தேன். அடுத்த வாரம் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்கும் அவருக்கும் நடுவில் கேமரா வராமல், பேசிக்கொண்டே எடுக்க முடிவது தூரம் முன்பே முடிவாகிவிட்டதால்தான்.

மற்ற கேமராக்களில் இது முடியாதா? முடியும். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் மேனுவல் ஃபோகஸில் வைத்தால் திரையில் தூர அளவுகோல் வரும், அதிலேயே டெப்த் ஆஃப் ஃபீல்டைப் பிக்சல் கணக்கிலா ஃபிலிம் கணக்கிலா காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் விடுகிறார்கள், நான் மேலே சொன்ன ஐந்து பிக்சல் பிரச்சினையைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது, பாராட்ட வேண்டும். ஆனால் 35 மில்லிமீட்டர் கோணம் என்பதால் தெளிவான இடம் கொஞ்சம் குறையும், ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவது என்பதால் விரலால் தடவி இது எத்தனை மீட்டர் என்று உணர முடியாது. லெய்கா க்யூவில் லென்ஸ் மேலேயே தூரம் பொறித்திருக்கும், பழைய காலத்து வளையம் மாதிரியே. சோன் ஃபோகஸுக்கு அதை விட நல்ல வளையம் உள்ள சின்ன டிஜிட்டல் கேமரா எனக்குத் தெரிந்து இல்லை. விலை நம் கைக்கு எட்டாது என்பதை விட்டாலும், அதன் சென்சார் பெரிது, அதனால் எஃப் 8ல் ஹைப்பர்ஃபோகல் 3.3 மீட்டருக்குப் போய்விடும், ஜிஆரில் அது 2.1தான். அதே 28 மில்லிமீட்டர் கோணத்துக்குச் சின்ன சென்சார் கொடுக்கும் சலுகை அது. ஜிஆர் 3எக்ஸ் என்று 2021ல் வந்த தம்பி ஒன்று இருக்கிறது, 40 மில்லிமீட்டர் கோணம், முகங்களுக்கு ரொம்ப அழகான லென்ஸ். ஆனால் எஃப் 8ல் 2 மீட்டரில் வைத்தால் 1.4 முதல் 3.7 வரைதான் தெளிவு. சோன் ஃபோகஸுக்கு என்றே வாங்குபவர்கள் 28ஐ எடுங்கள். 2025ல் ஜிஆர் 4 வந்துவிட்டது, நான் அதைக் கையில் வைத்துப் பழகவில்லை என்பதால் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

குறைகள் உண்டு. வியூஃபைண்டர் இல்லை, மதிய வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஸ்னாப் முறையில் அது பெரிய இழப்பு இல்லை, மற்ற முறையில் இழப்புதான். பேட்டரி நிறுவனத்தின் கணக்கிலேயே 200 படம், மூன்று பேட்டரி இல்லாமல் நான் வெளியே போவதில்லை. ஃபிளாஷ் இல்லை, முந்தைய ஜிஆர் 2ல் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள், இரவில் ஃபிளாஷ் போட்டு சோன் ஃபோகஸ் செய்பவர்களுக்கு இது வருத்தமான விஷயம், தனியாக ஒன்று வாங்கி மேலே மாட்ட வேண்டும். மழைக்கும் தூசிக்கும் காப்பு கிடையாது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் அமைப்பு என்பதால் பையில் இருக்கும் தூசி சென்சாருக்குப் போய்விடுகிறது என்று இந்த வரிசையைப் பயன்படுத்துபவர்கள் பல வருடமாகவே பேசிவருகிறார்கள். நான் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத்தான் பேன்ட் பையில் வைக்கிறேன், காசிமேட்டு ஈரத்தில் வெளியே எடுக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்கிறேன்.

தூசி விஷயத்தில் சோன் ஃபோகஸ் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எஃப் 2.8ல் கண்ணுக்கே தெரியாத தூசி எஃப் 8, எஃப் 11ல் வானத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும், நாமோ எந்நேரமும் எஃப் 8ல்தான் இருக்கிறோம். நான் வாங்கியது பழைய கேமரா. நீங்களும் அப்படி வாங்குவதாக இருந்தால், கடைக்காரர் காட்டும் அழகான படங்களைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். அபர்ச்சரை எஃப் 16ல் வைத்து, ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, ஒரு வெள்ளைச் சுவரைக் கிட்டத்தில் நின்று எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நாலு மூலையையும் நிதானமாகப் பாருங்கள். அப்புறம் ஸ்னாப்பில் 1.5 மீட்டர் வைத்து, கடை வாசலில் நிற்கும் பைக்கின் நம்பர் பலகையிலிருந்து மூன்று முழமும் கொசுறும் அளந்து நின்று அந்தப் பலகையை எஃப் 2.8ல் எடுங்கள். எழுத்து கூர்மையாக விழுந்தால் லென்ஸ் சொன்ன இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.